பாட்டி வீடு இருந்த கம்ப்யூட்டர்

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. தஞ்சாவூரில் கரன்ட் போனது. இன்வெர்ட்டர் 'டொக்' என்று எடுத்துக்கொண்டது. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து, தானாக மறுபடி எழுந்தது. அந்த வீட்டில் அது வழக்கம்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கை விளையாட்டை மறுபடி திறந்தாள். ஒரு நிமிடம் திரையையே பார்த்தவள், ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"என்னடி ஆச்சு?" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தார் அம்மா.

"பாட்டி வீட்டுத் திண்ணையைக் காணோம்மா..."

திரையில் பாதி வீடு நின்றது. ஓட்டுக்கூரை, முற்றத்தில் ஒரு பகுதி, கொல்லைப்புறக் கிணறு எல்லாம் இருந்தன. வாசல் பக்கம் மட்டும் கத்தியால் நறுக்கியதுபோல நேர்க்கோட்டில் முடிந்து, அதற்கப்பால் வெறும் புல்தரை. அதில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த நிஜமான வீடு இப்போது இல்லை. பாட்டி காலமானபின் விற்றார்கள். வாங்கியவர் இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டார். 2020 ஊரடங்கில் வெளியே போக வழியில்லாமல் இருந்தபோது, அண்ணனும் தங்கையும் அந்த வீட்டை 'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக்குள் கட்ட ஆரம்பித்தார்கள். அந்த விளையாட்டில் எல்லாமே கனசதுரக் கட்டைகள். ஒரு கட்டை ஒரு மீட்டர் அளவு. மண், மரம், கல், கண்ணாடி என எதை வேண்டுமானாலும் அடுக்கி எதையும் கட்டலாம். ஸ்வீடனில் உருவாகி 2011-ல் முழுமையாக வெளியான இந்த விளையாட்டை, 2014-ல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது.

அண்ணன் இப்போது ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். போனில் பேசினால், "சாப்டேன்மா, குளிருதுமா, வெச்சிடட்டுமா?" என்ற மூன்று வாக்கியங்களோடு முடித்துக்கொள்வான். சனிக்கிழமை இரவு அந்த விளையாட்டுக்குள் வந்தால் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவான். கோயம்புத்தூரிலிருந்து அத்தை பையன்கள் இருவர், பெங்களூரிலிருந்து மாமா பெண் ஒருத்தி என மொத்தம் ஐந்து பேர். தங்கையின் ஸ்பீக்கர் வழியே வரும் அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே அம்மா ஹாலில் உட்கார்ந்து பூக்கட்டுவார். அவன் ரூம்மேட்டோடு சண்டை போட்டது, பரீட்சையில் ஒரு பேப்பர் போனது எல்லாம் அம்மாவுக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த ஐவரும் சந்திக்கும் இடம், தஞ்சாவூர் வீட்டு ஹாலில் இருந்த கம்ப்யூட்டர்தான். ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. 8 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். அதிலேயே சர்வரும் ஓடும், தங்கையும் விளையாடுவாள், அப்பாவின் சொசைட்டி கணக்கும் இருக்கும்.

அன்றிரவு அண்ணன் வீடியோ காலில் வந்தான். நடந்ததைக் கேட்டான்.

"குட்டி, அழாத. அந்த விளையாட்டு உலகத்தை பதினாறுக்குப் பதினாறு கட்டைன்னு துண்டு துண்டாப் பிரிச்சு டிஸ்க்குல எழுதி வைக்கும். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதும். எழுதிட்டிருக்கும்போது கரன்ட் போயிருக்கு. அந்தத் துண்டு சேதமாயிடுச்சு. சேதமான துண்டைப் படிக்க முடியலன்னா, யாரும் கட்டறதுக்கு முன்னாடி அந்த இடம் எப்படி இருந்துச்சோ அப்படியே புதுசா உருவாக்கிடும். அதான் புல்லு."

"காப்பி இருக்கா அண்ணா?"

அவன் பதில் சொல்லவில்லை. இல்லை என்றுதான் அர்த்தம்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "புதுசா ஒண்ணு வாங்கிடலாம். சர்வருக்குன்னே தனியா. முப்பத்தஞ்சாயிரம் வரைக்கும் போகலாம்."

கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருக்கும் அப்பாவுக்கு, எதை வாங்கினாலும் மூன்று கடை விசாரிக்க வேண்டும். முதல் கடை உள்ளூரில். "கேம் சர்வரா சார்?" என்று கேட்ட இளைஞர், ஐந்து நிமிடத்தில் கொட்டேஷன் அடித்துக் கொடுத்துவிட்டார். கண்ணாடிப் பெட்டி, கலர் கலராக எரியும் ஃபேன்கள், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. 85,000 ரூபாய்.

வீட்டுக்கு வந்த கொட்டேஷனை அம்மா வரிவரியாகப் படித்தார். மளிகை லிஸ்ட்டையும் அவர் அப்படித்தான் படிப்பார்.

"ஏங்க, இதுல பாதிப் பணம் இந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கே போகுது. அது என்ன பண்ணும்?"

"படம் வரையும்மா. திரையில தெரியற காட்சி எல்லாம் அதோட வேலை" என்றாள் தங்கை.

"இந்தப் பெட்டிக்கு திரை இருக்கா?"

இல்லை. சர்வர் ஒரு மூலையில் திரை இல்லாமல் ஓடப்போகிறது. அவரவர் பார்க்கும் படத்தை அவரவர் கம்ப்யூட்டர்தான் வரைந்துகொள்கிறது. யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கட்டையை எடுத்தார்கள், ஆடு எந்தப் பக்கம் திரும்பியது என்ற கணக்கை மட்டும்தான் சர்வர் பார்க்கிறது. கணக்குப் பிள்ளைக்கு வண்ணப் பென்சில் எதற்கு? 85,000 ரூபாய் கொட்டேஷன் அங்கேயே மடிக்கப்பட்டது.

அண்ணன் வேறொரு வேலை கொடுத்தான். "வாங்கறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கிற கம்ப்யூட்டர் எங்க திணறுதுன்னு அளந்து பாரு குட்டி. அப்பதான் எது வேணும்னு தெரியும்."

மைன்கிராஃப்ட் சர்வர் விநாடிக்கு 20 முறை தன் உலகத்தைக் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று பெயர். ஆக, ஒரு டிக்கை முடிக்க அதற்குக் கிடைப்பது 50 மில்லி விநாடி. அதற்குள் முடித்துவிட்டால் யாருக்கும் எந்தத் தடங்கலும் தெரியாது. 50-ஐத் தாண்டினால் உலகமே மெதுவாகும். கதவு தாமதமாகத் திறக்கும். வெட்டிய மரம் மறுபடி முளைக்கும். ஒரு டிக்குக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்ட சர்வரிலேயே கட்டளை இருக்கிறது. தங்கை அடித்துப் பார்த்தாள். 72 மில்லி விநாடி.

எதனால் என்று தேடினார்கள். கோயம்புத்தூர் சின்னவன் முட்டைக்காக வளர்த்த கோழிப்பண்ணையில் ஒரே குழிக்குள் 300 கோழிகளுக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு கோழியும் அடுத்த அடி எங்கே வைப்பது என்று டிக்குக்கு டிக் சர்வர்தான் கணக்குப் போட வேண்டும். குடும்பப் பஞ்சாயத்து கூடி, கோழிகளை 20 ஆகக் குறைத்தது. 72 என்பது 41 ஆனது. ஒரு பைசா செலவில்லை.

"அப்போ புதுசே வேணாமே?" என்றார் அப்பா.

வேண்டியிருந்தது. ஆனால் காரணம் வேறு. யாராவது புது நிலப்பரப்புக்குள் ஓடினால் சர்வர் அந்த மலையையும் ஆற்றையும் அப்போதே உருவாக்க வேண்டும். பிராசஸருக்கு அது கடும் வேலை. கூடவே பழைய ஹார்டு டிஸ்க் கரகரவென்று எழுதும். அதே கம்ப்யூட்டரில் தங்கையும் விளையாடுவதால் 8 ஜிபி ராமில் இருவருக்கும் இடம் போதவில்லை. இப்படி என்னென்ன தேவை என்பது ஒரு தாளில் எழுதும் அளவுக்குத் தெளிவானது.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக அப்பா சென்னை போனார். முகூர்த்தம் முடிந்ததும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அங்கே ஒரு கடையில் அவர் கண்ணில் பட்டது, ஏதோ ஒரு நிறுவனம் கழித்துப் போட்ட நிஜமான சர்வர். மேசை டிராயரைவிட நீளம். இரண்டு பிராசஸர், மொத்தம் 24 கோர், 64 ஜிபி ராம். விலை 30,000.

"24 மூளை சார்! புதுசா வாங்கினா லட்சக்கணக்குல ஆகும்" என்றார் கடைக்காரர். அதை ஆன் செய்தபோது ஃபேன் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. மகனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். உடனே கால் வந்தது.

"அப்பா, நம்ம கல்யாண சமையல் மாதிரி நினைச்சுக்கோங்க. 24 பேர் இருந்தா ஒருத்தர் காய் நறுக்கலாம், ஒருத்தர் அப்பளம் பொரிக்கலாம். ஆனா ரசத்துக்குத் தாளிக்கிறது ஒருத்தர்தானே? இந்த விளையாட்டோட முக்கியமான கணக்கு எல்லாத்தையும் ஒரே கோர்தான் வரிசையாப் போடும். புது நிலம் உருவாக்கற மாதிரி சில வேலையை மட்டும்தான் மத்த கோர் பங்கு போட்டுக்கும். அந்த ஒருத்தர் வேகமா இருக்கணும். அந்தப் பழைய சர்வர்ல 24 பேர் இருக்காங்க, ஒவ்வொருத்தரும் மெதுவா வேலை செய்யறவங்க. புதுசா வந்த நாலு கோர் சாதாரண பிராசஸர் இதுக்கு அதைவிட நல்லா ஓடும்."

"அப்ப அவ்வளவு கோர் யாருக்குத்தான் தேவை?"

"ஒரே மெஷின்ல நிறைய ஆட்டத்தைச் சேர்த்து ஓட்டறவங்களுக்கு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு கம்பெனிகள் அப்படித்தான் பண்றாங்க. 'வேலரன்ட்' மாதிரி விளையாட்டுல விநாடிக்கு 128 டிக். ஒரு டிக்குக்கு எட்டு மில்லி விநாடிகூடக் கிடையாது. அது வேற உலகம்பா. நமக்கு அஞ்சே பேர்."

அப்பா அரைமனதோடு இருந்தார். முடிவு செய்தது தஞ்சாவூரில் இருந்த அம்மா. "அது எவ்வளவு கரன்ட் இழுக்கும்னு கேளுங்க" என்றார்.

சும்மா ஓடினாலே 200 வாட் என்றார் கடைக்காரர். அம்மா காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 200 வாட் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட். நம் ஊரில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாளைக்கு 288 யூனிட். ஏற்கெனவே வீட்டில் 420 வருகிறது. இரண்டையும் கூட்டினால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது தமிழ்நாட்டில் வீடு நடத்தும் எல்லோருக்கும் தெரியும்.

"முப்பதாயிரத்துக்கு வாங்கிட்டு, அதுக்கு சாப்பாடு வேற போடணுமா?" என்றார் அம்மா.

மூன்றாவது கடையில் கிடைத்ததுதான் வீட்டுக்கு வந்தது. அலுவலகங்களில் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டி வைப்பார்களே, அந்த வகை குட்டிக் கம்ப்யூட்டர். தடித்த புத்தகம் அளவுதான். பயன்படுத்திப் புதுப்பித்தது. நாலு கோர், தேவைப்படும்போது 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. சராசரியாக 20 வாட். அதே 60 நாளைக்கு 29 யூனிட்கூட ஆகாது. விலை 22,000. அண்ணன் சொன்னபடி கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது, எஸ்எஸ்டி-யில் எவ்வளவு ஆயுள் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, ஆறு மாத வாரன்ட்டியை பில்லில் எழுதி வாங்கிக்கொண்டார் அப்பா.

சர்வருக்கான மென்பொருள் இலவசம். விளையாடும் ஒவ்வொருவரிடமும் காசு கொடுத்து வாங்கிய கணக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். 16 ஜிபி ராமில் சர்வருக்கு 6 ஜிபி ஒதுக்கினார்கள். மொத்தத்தையும் கொடுத்தால் என்ன என்று தங்கை கேட்டாள். இந்த விளையாட்டு ஜாவாவில் எழுதப்பட்டது. பயன்படுத்திப் போட்ட குப்பையை அது அவ்வப்போது நின்று கூட்டிப் பெருக்கும். தேவையில்லாமல் பெரிய வீட்டைக் கொடுத்தால் பெருக்கும் வேலையும் நீளலாம். அந்தச் சில கணங்களில் எல்லோரும் அப்படியே உறைந்து நிற்பார்கள். ஐந்து பேருக்கு 6 ஜிபி தாராளம்.

அடுத்த சிக்கல் இணையம். வீட்டு ஃபைபர் இணைப்பில் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியவில்லை. பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்குபோட்டுக் கொடுப்பது நம் இணைய நிறுவனங்களின் வழக்கம். அபார்ட்மென்ட் பெயர் மட்டும் எழுதி, கதவு எண் எழுதாத கடிதம்போல, வருகிற அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் நின்றுவிடும். பழைய கம்ப்யூட்டரில் அண்ணன் ஏதோ ஒரு சுற்றுவழியைச் செய்துவைத்திருந்தான். இந்த முறை கூடுதல் கட்டணம் கட்டி வீட்டுக்கென்று நிலையான முகவரி வாங்கிவிட்டார்கள். தெரியாதவர்கள் நுழையாதபடி, ஐந்து பேரின் பெயர் மட்டும் உள்ள அனுமதிப் பட்டியலையும் போட்டார்கள்.

எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் குறைக்க முடியாதது ஒன்று உண்டு. அது தூரம். சென்னைக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 7,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பவே 75 மில்லி விநாடி. கேபிள் நேராகப் போவதில்லை என்பதால் நிஜத்தில் அதுபோல இரண்டு மடங்குகூட ஆகும். துப்பாக்கிச் சண்டையில் அந்தத் தாமதம் தோல்வி. வீடு கட்டும் விளையாட்டில் ஒன்றும் தெரியாது. "நான் வைக்கிற கல்லு கொஞ்சம் லேட்டா விழும், பரவால்ல" என்றான் அண்ணன்.

எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு விவாதம் நடந்தது. பீரோவுக்குள் வைத்தால் காற்று போகாது. தரையில் வைத்தால் தூசியும் எறும்பும். தஞ்சாவூர் மே மாத வெயிலில் மூடிய இடம் அடுப்பாகிவிடும். கடைசியில் ஹால் அலமாரியின் திறந்த மேல்தட்டு அதற்குக் கிடைத்தது. பல்லி உள்ளே போய்விடக் கூடாதே என்று பின்பக்கத்தைத் தினமும் பார்ப்பது அப்பாவின் வேலையானது.

எல்லாம் தயார். ஆனால் திண்ணையைக் காவு வாங்கிய விஷயம் அப்படியே இருந்தது. இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது?

அதைக் கண்டுபிடித்தது அம்மா. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் இன்வெர்ட்டரைத் துடைத்தபோது, பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச்சைப் பார்த்தார். ஒரு பக்கம் சாதாரணம், இன்னொரு பக்கம் யூபிஎஸ் என்று எழுதியிருந்தது. மாட்டிய நாளிலிருந்து அது சாதாரணத்திலேயே கிடந்தது. அந்த நிலையில் கரன்ட் போனால், பேட்டரிக்கு மாற ஒரு கண்ணிமைப்பு நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கும் விளக்குக்கும் அது தெரியாது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையோ ஏறக்குறைய 16 மில்லி விநாடிதான் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் இன்வெர்ட்டர் அதைவிட வேகமாக மாறிவிடும். அம்மா ஸ்விட்ச்சைத் தள்ளினார். அப்பா மெயினை அணைத்துப் பார்த்தார். அணைத்தார், போட்டார், அணைத்தார். குட்டிப் பெட்டியின் பச்சை விளக்கு அசையவில்லை. இணைய மோடத்தையும் அதே லைனுக்கு மாற்றினார்கள்.

"இத்தனை வருஷமா இந்த ஸ்விட்ச் இங்கதான் இருந்துச்சா?" என்ற அப்பா, கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு இரவும் பதினொன்றரைக்கு, மொத்த உலகமும் தானாக இன்னொரு டிரைவுக்கு நகலாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நகல் ஜெர்மனிக்குப் போகிறது. முழுதாக 2 ஜிபிகூட இல்லை, ஒரு சினிமாவைவிடச் சிறியது. இதைச் செய்ய புதுப் பெட்டிகூடத் தேவையில்லை. பழைய கம்ப்யூட்டரிலேயே செய்திருக்கலாம் என்பதுதான் தங்கைக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

திண்ணையை மறுபடி கட்ட உட்கார்ந்தார்கள். அண்ணனுக்கு எட்டு வயதில் பார்த்த ஞாபகம். தங்கைக்கு அதுவும் இல்லை. முதல் தடவை கட்டியபோது பார்த்துப் பார்த்துச் செய்த பழைய போட்டோவையும் இப்போது காணோம்.

"திண்ணைக்கு நாலு தூண்" என்றான் அண்ணன்.

பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "ஆறுடா. தெருப்பக்கம் நாலு, ரேழிக்குத் திரும்பற இடத்துல ரெண்டு. கடைசித் தூண்ல பாட்டி தயிர்க்காரிக்குச் சுண்ணாம்பால கோடு போட்டு வெப்பாங்க."

"முன்னாடி நாங்க நாலுதான் வெச்சிருந்தோம்மா."

"தப்பா வெச்சிருந்தீங்க. நான் பார்த்தேன். எங்க போய்ச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

தங்கை நாற்காலியை நகர்த்தி அம்மாவுக்கு இடம் விட்டாள். அன்றிரவு அம்மா சொல்லச் சொல்ல ஐந்து பேரும் கட்டினார்கள். திண்ணையின் உயரம், கிழக்கு மூலையில் தலை வைக்க இருந்த மேடு, வாசல் நிலைக்கு மேலே விளக்கு மாடம். அந்த வீட்டுக்கு அம்மா மருமகளாக வந்தபோது வயது 21 என்பதையும், முதல் ஆடிக்கு அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் அழுதார் என்பதையும் பிள்ளைகள் அன்றுதான் கேட்டார்கள்.

நாலாவது தூண் வைக்கும்போது தெருவே இருண்டது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. தங்கை மேல்தட்டைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்புறம் என்னம்மா ஆச்சு, சொல்லு" என்றான் அண்ணன். இங்கே கரன்ட் போனது அவனுக்குத் தெரியவே இல்லை.